ஒரு திடலும் இரண்டு ஆட்டங்களும்
சென்னை மாநகராட்சி அரங்கின் வரலாறு

கரங்கான், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் திடல் ஒன்றே, ஆட்டங்கள் பல. பள்ளி ஓட்டப் பந்தயமும், மாலை நேரக் காற்பந்தும், பொங்கல் விளையாட்டும் அதே புல்வெளியில்தான் நடந்து வந்தன. பெரிய நகரங்களிலும் இவ்வாறு ஒரே அரங்கம் பல ஆட்டங்களுக்கு இடமளித்தது உண்டு. அவற்றுள் சென்னை மாநகராட்சி அரங்கின் வரலாறு நாம் அறிந்துகொள்ளத் தக்கது. சென்ட்ரல் இரயில் நிலையத்துக்கு அருகே அமைந்துள்ள அவ்வரங்கம் இன்று ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம் என்னும் பெயரால் வழங்குகிறது.

சேப்பாக்கமும் மாநகராட்சி அரங்கமும்

சென்னையில் கிரிக்கெட்டின் பழைய இருப்பிடம் சேப்பாக்கமாகும். 1846-இல் தோன்றிய சென்னை கிரிக்கெட் கிளப் 1865-இல் அத்திடலைப் பெற்றது. 1934-இல் அங்கு முதல் டெஸ்ட் ஆட்டம் நடைபெற்றது. 1952 பிப்ரவரியில் இங்கிலாந்தைத் தோற்கடித்து இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை ஈட்டியதும் அங்கேதான். எனினும் அது ஒரு கிளப்பின் பொறுப்பில் இருந்த திடல். மாநகராட்சி அரங்கமோ நகரத்தின் பொது இடம். 1956 முதல் 1965 வரை சென்னையின் டெஸ்ட் ஆட்டங்கள் யாவும் இப்பொது அரங்கிலேயே நடைபெற்றன. அவை ஒன்பது.

அரங்கம் கண்ட அருஞ்செயல்கள்

முதல் ஆட்டமே உலகப் புகழ் பெற்றது. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட் 231 ஓட்டங்களும் பங்கஜ் ராய் 173 ஓட்டங்களும் எடுத்தனர். தொடக்க ஆட்டக்காரர் இருவரும் சேர்ந்து குவித்த 413 ஓட்டங்கள் 52 ஆண்டுகள் உலகச் சாதனையாக நிலைத்தன. 2008-இல்தான் தென்னாப்பிரிக்க இணை ஒன்று 415 எடுத்து அதனை முறியடித்தது.

1962 ஜனவரியில் இங்கிலாந்தை 128 ஓட்டங்களில் வென்று, அந்நாட்டுக்கு எதிரான முதல் தொடர் வெற்றியை இந்தியா இங்கு பெற்றது. அவ்வாட்டத்தில் சலீம் துரானி பத்து விக்கெட்டுகளை வீழ்த்தினார். பட்டோடி தம் முதல் டெஸ்ட் சதத்தை அடித்தார். 1964 ஜனவரியில் பாபு நட்கர்னி, ஓர் ஓட்டமும் கொடாமல் தொடர்ந்து 21 ஓவர்கள் வீசினார். அந்த இன்னிங்சில் அவர் வீசிய 32 ஓவர்களில் கொடுத்த ஓட்டங்கள் ஐந்தே!

ஒன்பது ஆட்டங்களுள் ஆறு ஜனவரித் திங்களில் நடந்தவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தரை இறுகியிருக்கும் காலம் அது. பொங்கல் விழாவும் அப்போதே வருவதால் சென்னை மக்களுக்குப் பொங்கலும் டெஸ்ட் ஆட்டமும் ஒன்றோடொன்று இணைந்துவிட்டன.

அளவு செய்த தீர்ப்பு

1967 ஜனவரியில் டெஸ்ட் ஆட்டம் சேப்பாக்கத்துக்கே திரும்பியது. மாநகராட்சி அரங்கம் பின்னர் நேருவின் பெயரைப் பெற்றது. 1993-இல் நேரு கோப்பைக் காற்பந்துப் போட்டியும், 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளும் சென்னையில் நடந்தன. அவற்றையொட்டி அரங்கம் புது வடிவம் பெற்றது. 2014 முதல் இந்தியன் சூப்பர் லீக்கின் சென்னையின் எஃப்சி குழுவுக்கு அதுவே சொந்தத் திடலாயிற்று.

கிரிக்கெட் ஏன் அங்குத் திரும்பவில்லை? அளவைக் கொண்டே இதனை விளக்கலாம். பன்னாட்டுக் காற்பந்துத் திடல் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உடையது. 400 மீட்டர் ஓடுபாதையின் உட்புறம் சுமார் 157 மீட்டர் நீளமும் 73 மீட்டர் அகலமும் கொண்டது. ஆகவே ஓடுபாதைக்குள் காற்பந்துத் திடல் அழகாகப் பொருந்திவிடும். கிரிக்கெட்டுக்கோ நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 60 மீட்டராவது வேண்டும். குறுக்களவு 120 மீட்டருக்குக் குறையலாகாது. எட்டுத் தடங்கள் கொண்ட ஓடுபாதையையும் சேர்த்துக் கணக்கிட்டால்கூட அகலம் 93 மீட்டரைத் தாண்டாது.

தரையின் தன்மையும் வேறு. கிரிக்கெட்டின் 22 கெஜ ஆடுகளம் களிமண்ணை உருளையால் இறுக்கிச் செய்வது. காற்பந்துக் காலணியின் குமிழ்கள் அதனைக் கிளறிவிடும். விழுந்தெழும் காற்பந்து வீரருக்கோ அவ்விறுகிய தரை காயம் விளைக்கும்.

நாம் கொள்ளவேண்டிய பாடம்

அரங்கில் ஆட்டம் மாறியது. ஆனால் திடல் அழியவில்லை. அது பொது உடைமையாக இருந்ததே காரணம். தோட்டத் திடல்களின் கதை வேறு. அவை தோட்ட உரிமையாளரின் நிலத்தில் இருந்தவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், வீடமைப்புக்கு விற்கப்பட்டபோதும், கோயிலையும் பள்ளியையும் காக்க மக்கள் திரண்டனர். திடலுக்காகக் குரல் கொடுத்தவர் சிலரே.

புதிய குடியிருப்புக்கோ, இடம் மாறும் தமிழ்ப்பள்ளிக்கோ வரைபடம் தீட்டும்போது பெற்றோரும் பள்ளி வாரியத்தாரும் ஒன்றை முதலில் கேட்டறிதல் வேண்டும்: திடல் எங்கே, அதன் நீள அகலம் என்ன, அது யார் பெயரில் பதிவாகிறது? நூறு மீட்டர் நேராக ஓட இடமில்லாத பள்ளியில் ஓட்டக்காரன் உருவாதல் அரிது. கட்டடம் எழுந்த பின்னர்த் திடலுக்கு இடம் தேடுவது வீண் முயற்சியாகும்.