காலணிக்குள் மறையும் கரும்புள்ளி

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்பேட்டைகளில் உழைப்போர் பலர், கனத்த பாதுகாப்புக் காலணி அணிந்து ஷிப்டு முழுவதும் நின்றே வேலை செய்கின்றனர். அக்காலணி பாதத்தை விபத்திலிருந்து காக்கின்றது. அதே வேளையில் நம் பார்வையிலிருந்து மறைத்தும் விடுகின்றது. முகத்தில் சிறு பரு தோன்றினாலும் அன்றே கண்ணாடி முன் நிற்கும் நாம், உள்ளங்காலை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்கின்றோம்? அரிய தோல் புற்றுநோய் ஒன்று நம்மவரிடம் பெரும்பாலும் அவ்விடத்திலேயே தோன்றுவதால் இவ்வாறு வினவுகின்றோம்.

அதன் பெயர் மெலனோமா. தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்களில் எழும் புற்று இது. வெள்ளையரிடம் வெயில் படும் தோலில் மிகுதியாகக் காணப்படுகின்றது. நம்மைப் போன்ற மாநிறத்தவரிடமும் கருநிறத்தவரிடமும் இந்நோய் குறைவே. ஆயினும் வரும்போது, வெயிலே படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களையே பெரிதும் பற்றுகின்றது. இது தொற்றுநோயன்று. காலணி இதனை உண்டாக்குகின்றது என்றும் நாம் கூறவில்லை; மறைக்கின்றது என்றே கூறுகின்றோம்.

உள்ளங்காலில் இது முதலில் வலியற்ற கரும்புள்ளியாகவோ பழுப்புத் திட்டாகவோ தோன்றும். ஓரம் சீராக இராது. நிறம் ஓரிடத்தில் கறுத்தும் ஓரிடத்தில் வெளுத்தும் இருக்கும். மாதங்கள் செல்லச் செல்லப் படரும். பின்னர் தடித்து, புண்ணாகி, இரத்தம் கசியலாம். சிலரிடம் கருமையே இன்றிச் செந்நிறச் சதை வளர்ச்சியாகவும் வரும். இதனைக் கால் ஆணி என்றும், மரு என்றும், சர்க்கரை நோயாளியின் ஆறாத புண் என்றும் எண்ணிப் பிளேடால் சீவுவோரும் சுண்ணாம்பு தடவுவோரும் உண்டு. தொடை இடுக்கில் நெறி கட்டிய பின்னரே மருத்துவரை நாடுவோரும் உளர்.

நகத்தடியில் வருவது இன்னும் ஏமாற்றும். பொருள் விழுந்து நகம் கறுப்பது தொழிலாளர்க்குப் புதிதன்று. ஆனால் அடிபட்ட இரத்தக்கட்டு நகத்தோடு சேர்ந்து முன்னோக்கி நகரும். கைவிரலில் ஏறக்குறைய ஆறு மாதத்திலும், கால் பெருவிரலில் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டிலும் வெளியேறிவிடும். நகராமல் நின்று, அடியிலிருந்து நுனிவரை கோடாக நீண்டு, அகலமாகி, நகத்தைச் சுற்றியுள்ள தோலிலும் கருமை பரவினால் அது எச்சரிக்கை. இவ்வறிகுறியை ஆங்கில மருத்துவர் ஜானதன் ஹட்சின்சன் 19ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துரைத்தார். இளமை முதல் பல நகங்களில் மெல்லிய கோடுகள் இருப்போர் அஞ்ச வேண்டுவதில்லை; வளர்ந்த பின் ஒரே நகத்தில் புதிதாகத் தோன்றும் கோட்டையே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஜமைக்கா நாட்டு இசைக் கலைஞர் பாப் மார்லி, தம் கால் பெருவிரலில் இருந்ததைக் கால்பந்து ஆட்டத்தில் பட்ட காயமென்றே எண்ணினார். 1977இல் அது மெலனோமா எனத் தெரிந்தது. விரலை அகற்ற அவர் இசையவில்லை. நோய் மூளை வரை பரவி, 1981 மே 11 அன்று தமது 36ஆம் வயதில் இறந்தார். பெரும்பாலும் முதியோரையே பற்றும் இந்நோய் இளையோரை முற்றிலும் விட்டுவிடுவதில்லை.

கத்தி பட்டால் புற்று பரவும் என்னும் அச்சம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அது தவறு. சிறு துண்டுத் தசையை எடுத்துச் சோதித்தாலன்றி நோயை உறுதி செய்ய இயலாது. புற்று எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியுள்ளது என்பதைப் பொறுத்தே பிழைக்கும் வாய்ப்பு அமைகின்றது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நிலையில் அறுவை செய்துகொள்வோரில் பெரும்பாலோர் நலம் பெறுகின்றனர். இப்பகுதியினர்க்குத் தொலைவு செல்லத் தேவையில்லை. 1969இல் தொடங்கப்பெற்ற அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ளது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் உருவான அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனை சென்னையில் இருக்கின்றது. இ.எஸ்.ஐ. காப்பீடு பெற்றோர் முதலில் தம் மருந்தகத்திலேயே காட்டலாம்.

எனவே, மாதம் ஒருமுறையேனும் குளித்தபின் நல்ல வெளிச்சத்தில் அமர்ந்து, உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் நகங்களையும் பார்ப்போம். குனிய இயலாத முதியோர்க்குப் பிள்ளைகள் பார்க்கட்டும். கணவர்க்கு மனைவியும், மனைவிக்குக் கணவரும் பார்க்கட்டும். வாடகை அறைகளில் தங்கி உழைக்கும் இளைஞர்கள் கைக்கண்ணாடி ஒன்றைத் தரையில் வைத்தும் பார்க்கலாம். ஐந்து நிமிடமே ஆகும் இவ்வேலை, ஒரு குடும்பத்தின் உழைப்பாளியைக் காக்கக் கூடும்.