பன்னிரண்டில் சந்திக்கும் தாளங்கள்

பட்டிப்பொல இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம்; கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,891 மீற்றர். குளிரில் விறைத்த விரல்களோடு அங்கேதான் நான் புளூஸ் கித்தார்ச் சுரக்கோவை ஒன்றைப் பயின்றேன். மூன்றே சுரங்கள், ஓயாது திரும்பி வருவன. காலோ நான்கின் நடையிலே தட்டவேண்டும். கை 'தகிட' என்னும். கால் 'தகதிமி' என்னும். கையின் அழுத்தம் ஒவ்வொரு முறையும் தாளத்தின் வேறோர் இடத்தில் விழும். நான்கு தகிடவும் மூன்று தகதிமியும் 12 அட்சரங்களில் நிறைவெய்தி, அடுத்த தட்டிலே மீண்டும் ஒன்றுகூடும். முதலில் வாயாற் சொல்லிக் காலால் தட்டுக. கித்தாரைப் பிறகு எடுக்கலாம்.

புளூஸ், பருத்தித் தோட்டங்களில் உழைத்த கறுப்பின மக்களின் இசை. 1903ஆம் ஆண்டளவில் மிசிசிப்பியின் டட்வைலர் புகையிரத நிலையத்திலே அதனைக் கேட்டதாக டபிள்யூ. சி. ஹாண்டி தம் சுயசரிதையில் எழுதினார். நமது தேயிலைத் தோட்டத்துத் தப்பும் உழைப்பாளியின் வாத்தியமே. பிரட்டுக்கு அழைத்ததும் அது. காமன் கூத்தை ஆட்டுவிப்பதும் அது. அதனை இழிந்ததென்று ஒதுக்கிவிட்டு, அயல்நாட்டுத் தோட்டப் பாட்டை மட்டும் போற்றுவது என்ன நியாயம்? கித்தார் கற்கும் மாணவர், தப்புக் கலைஞரிடமும் சென்று அமர்ந்து கேட்கட்டும். தாளம் அங்கே நெடுங்காலமாய்க் காத்திருக்கிறது.