கணைய அழற்சியும் குச்சிக்கிழங்கும்

‘குச்சிக்கிழங்கு தின்னதாலதானுங்களா கணையம் கெட்டுப்போச்சு?’ சேலம், நாமக்கல் பகுதி உறவினர்கள் அடிக்கடி கேட்கும் வினா இது. மது அருந்தாத இளைஞரிடமும் கணையத்தில் கற்கள் உண்டாகும் நோயைக் கேரளத்தில் மருத்துவர் பி. ஜே. கீவர்கீஸ் விரிவாக ஆராய்ந்தார். மரவள்ளியிலுள்ள சயனைடே காரணம் என்று ஒருகாலத்தில் ஐயுற்றனர், அது நிறுவப்படவில்லை. ஸ்பிங்க்1 மரபணு மாற்றம் நோயாளிகள் பலரிடம் காணப்படுகிறது. ஆகவே, கிழங்கை மட்டும் நிறுத்திவிட்டு மருந்தையும் நிறுத்துவது தவறு.

நாட்பட்ட அழற்சிக்குரிய நொதி மாத்திரையை உணவோடு சேர்த்தே விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் பயனில்லை. மலம் எண்ணெய்ப்பசையுடன் மிதந்தால் அளவு போதவில்லை எனலாம். இதனால் வரும் சர்க்கரை நோய்க்குப் பெரும்பாலும் இன்சுலினே தேவைப்படும். மதுவும் புகையிலையும் அறவே கூடாது.

மேல்வயிற்றில் கடும் வலி எழுந்து முதுகுக்குப் பரவி, வாந்தியும் நிற்காவிட்டால், வாயு என்றெண்ணிச் சோடா குடித்துக் காத்திராதீர்கள். திடீர் அழற்சியாயின், முதல் நாளில் நரம்புவழி ஏற்றும் திரவமே முதன்மைச் சிகிச்சை.