தோட்டாக் கணக்கு

2018 மே 22, 23 தேதிகளில் தூத்துக்குடியில், ஸ்டெர்லைட் செம்பு ஆலைக்கு எதிரான போராட்டத்தையொட்டிக் காவல்துறை சுட்டதில் இறந்தவர்கள் 13 பேர். அவர்களுடைய பிரேதப் பரிசோதனை அறிக்கைகளைப் பார்த்து ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு கணக்கை வெளியிட்டது. 12 பேருக்குக் குண்டு பாய்ந்த இடம் தலை அல்லது மார்பு. அவர்களில் பாதிப் பேருக்கு அது பின்பக்கமாக நுழைந்திருந்தது.

போலீஸ் சுட்டது சரியா தவறா என்று நம் நாட்டில் எங்கே பேச்சு எழுந்தாலும் அது செத்தவரைப் பற்றிய பேச்சாகவே முடிந்துவிடுகிறது. செத்தவன் ரவுடியா, அப்பாவியா? கூட்டத்துக்குள் சமூக விரோதிகள் புகுந்தார்களா? சட்டம் கேட்கும் கேள்வி இதுவல்ல. அந்த நொடியில், அந்த இடத்தில், யாருடைய உயிருக்கு ஆபத்து இருந்தது, அதைத் தடுக்கச் சுடுவதைத் தவிர வேறு வழி இருந்ததா என்றுதான் அது கேட்கிறது. இதற்குப் பெரும்பாலும் எண்களாலேயே பதில் சொல்லலாம். எத்தனை மீட்டர் தூரம், எத்தனை ரவுண்டு, எச்சரிக்கைக்கும் முதல் குண்டுக்கும் நடுவே எத்தனை நிமிடம், குண்டு எந்தப் பக்கமாக நுழைந்தது. சட்டென்று திரும்பும் கணத்தில் ஒருவருக்கு முதுகில் குண்டு படலாம். ஆறு பேர் அதே கணத்தில் திரும்பினார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அன்றைக்கு நடைமுறையில் இருந்த சட்டங்களின்படியே கணக்குப் பார்ப்போம். சிப்காட், தூத்துக்குடி தென்பாகம் காவல் நிலைய எல்லைகளில் 144 தடையுத்தரவு போட்டிருந்தார்கள். தடையை மீறிக் கூடியது சட்டவிரோதக் கூட்டம் என்றே வைத்துக்கொள்வோம். இந்திய தண்டனைச் சட்டம் 143ஆம் பிரிவின்படி அதற்கு அதிகபட்சம் 6 மாதச் சிறை. கலவரம் செய்தால் 147ஆம் பிரிவில் 2 ஆண்டு, கொடிய ஆயுதத்தோடு கலவரம் செய்தால் 148ஆம் பிரிவில் 3 ஆண்டு. குற்ற நடைமுறைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு இன்னொரு கோட்டையும் போடுகிறது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாத ஒருவரைக் கைது செய்யும் முயற்சியில் கொல்ல உரிமை கிடையாது. 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சட்டத்தின் 43ஆம் பிரிவிலும் இந்தக் கோடு அழியாமல் இருக்கிறது.

காவல்துறைத் தரப்பின் வலுவான வாதம் தீ. ஊர்வலம் போய்ச் சேர்ந்த கலெக்டர் அலுவலக வளாகத்தில் வாகனங்கள் எரிந்தன, கற்கள் பறந்தன, காவலர்களும் காயப்பட்டனர். இதைத் தள்ளிவிட்டு எழுதினால் கணக்கு நேர்மையாக இருக்காது. தண்டனைச் சட்டத்தின் 103ஆம் பிரிவு, சொத்தைக் காக்கக்கூட உயிரைப் பறிக்கலாம் என்று சில நேரங்களில் அனுமதிக்கிறது. மனிதர் வசிக்கும் கட்டடத்துக்கோ, பொருள்களைப் பாதுகாத்து வைத்திருக்கும் கட்டடத்துக்கோ தீ வைப்பது அவற்றில் ஒன்று. ஆனால் அந்தப் பட்டியலில் கட்டடம், கூடாரம், கப்பல் என்றுதான் இருக்கிறது. வாசலில் நிற்கும் கார் இல்லை. கட்டடத்துக்கே தீ வைத்ததாகக் கொண்டாலும், தீ வைப்பவர் அந்தச் செயலில் இருக்கும்வரைதான் உரிமை நீடிக்கும் என்கிறது 105. தேவைக்கு மேல் ஒரு கீறல்கூடப் போடக் கூடாது என்கிறது 99. வைத்துவிட்டு ஓடுகிறவரைத் துரத்திப் பிடிக்கலாம், வழக்குப் போடலாம், சிறையில் அடைக்கலாம். சுட முடியாது.

திரேஸ்புரம் கலெக்டர் அலுவலகத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மீனவர் குடியிருப்பு. அங்கும் ஒரு பெண் குண்டடிபட்டு இறந்தார். அண்ணா நகரில் ஓர் இளைஞர் இறந்தது மறுநாள். கலெக்டர் அலுவலகத் தீயைக் காட்டி இந்த இரண்டு சாவுகளுக்கும் விளக்கம் சொல்லவே முடியாது.

இந்தத் துப்பாக்கிச் சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் இறுதி அறிக்கை 2022 மே 18 அன்று அரசிடம் தரப்பட்டது. சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது அக்டோபர் 18 அன்று. ஓடிக்கொண்டிருந்த மக்களை மறைவிடங்களிலிருந்து சுட்டிருக்கிறார்கள் என்றும், சுடுவதற்கு முன் ஏறவேண்டிய படிகளை ஏறவில்லை என்றும் ஆணையம் கண்டது. காவல்துறையினர் 17 பேர் மீதும், அன்றைய கலெக்டர் மீதும், சுட உத்தரவு கொடுத்த துணை வட்டாட்சியர்கள் மீதும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. அந்த அறிக்கையில் என்னை உலுக்கிய எண் இன்னொன்று: ஒரே ஒரு காவலர் மட்டும் 17 ரவுண்டு சுட்டிருக்கிறார், அதுவும் வெவ்வேறு இடங்களில்.

17 ரவுண்டு என்றால் 17 முடிவுகள். முதல் குண்டுக்கு ஒரு நியாயம் இருந்ததாகவே கொள்வோம். அந்த நியாயம் இரண்டாவது குண்டுக்குத் தானாகப் போய்ச் சேராது. முதல் குண்டு வெடித்ததும் கூட்டம் சிதறத் தொடங்கியிருந்தால், இரண்டாவதற்குப் புதிதாக ஒரு காரணம் வேண்டும், மூன்றாவதற்கும் அப்படியே. வேறொரு இடத்துக்குப் போய் நின்று சுட்டால் முதல் இடத்தின் காரணம் எதுவும் செல்லாது. பாதுகாப்புக்காகச் சுட்டோம் என்று ஒட்டுமொத்தமாக ஒரு வரி எழுதி 17 குண்டுகளையும் அதற்குள் அடக்கிவிடுவதுதான் நம் வழக்கமாக இருக்கிறது. அந்தக் காவலரைவிட, அவரை இடம் இடமாகக் கூட்டிச் சென்று நிறுத்தியவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது.

துப்பாக்கியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அங்கே காவலர்கள் கையில் இருந்த எஸ்எல்ஆர், தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள், ராணுவத்துக்காகச் செய்யப்பட்ட ஆயுதம். 7.62 மில்லிமீட்டர் தோட்டா. குழலை விட்டு விநாடிக்கு 800 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வெளியேறும். நூறு மீட்டர் தூரத்தில் நிற்பவரை அடைய அதற்கு விநாடியில் எட்டில் ஒரு பங்கு போதும். ஓர் உடலைத் துளைத்துவிட்டுப் பின்னால் நிற்பவருடைய உடலிலும் ஏறக்கூடியது. தாழ்வாகக் குறிவைத்துச் சுடு என்று விதியில் எழுதிவிட்டு, ஓடும் கூட்டத்துக்கு எதிரே இந்த ஆயுதத்தோடு ஆளை நிறுத்தினால் அந்த விதி காகிதத்தில்தான் இருக்கும். சட்டத்திலும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. கூட்டத்தைக் கலைக்க ராணுவத்தை அழைத்தால், கலைக்கத் தேவையான மிகக் குறைந்த பலத்தையே அது பயன்படுத்த வேண்டும் என்று அன்றைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 130ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொன்னது. காவல்துறையைப் பற்றிய 129ஆம் பிரிவில் அந்த வாக்கியம் இருக்கவில்லை. பலத்தால் கலைக்கலாம் என்பதோடு நின்றுவிட்டது.

இனிப் பணக் கணக்கு. இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் முதலில் 10 லட்சம் ரூபாய் அறிவித்து, பிறகு 20 லட்சமாக உயர்த்தினார்கள். 13 குடும்பங்களுக்கு 2 கோடியே 60 லட்சம். 2022இல் குடும்பத்துக்கு 5 லட்சம் வீதம் மேலும் 65 லட்சம். மொத்தம் 3 கோடியே 25 லட்சம். ஆணையம் பரிந்துரைத்தது குடும்பத்துக்கு 50 லட்சம், அதாவது ஆறரைக் கோடி. கொடுத்தது சரிபாதி. இதே ஸ்டெர்லைட் ஆலைக்கு 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் விதித்த இழப்பீடு 100 கோடி ரூபாய். சுற்றுச்சூழலுக்கு விளைந்த கேட்டுக்கு அது சரியான தொகையா என்பது தனி வழக்கு. 13 உயிருக்குக் கொடுத்தது அதில் நூற்றில் மூன்றே கால் பங்கு. அந்தத் தொகையும் கருவூலத்திலிருந்து போன பணம், தூத்துக்குடிக்காரர்களும் சேர்ந்து கட்டிய வரி.

நாள் கணக்கு இதைவிட வலிக்கிறது. ஆண்டுக்கு 4 லட்சம் டன் செம்பு எடுக்கும் ஆலையை 8 லட்சமாக விரிவாக்குவதை எதிர்த்து அ.குமரெட்டியபுரத்தில் தொடங்கிய போராட்டத்தின் 100ஆவது நாள் மே 22. பராமரிப்புக்காக நிறுத்தியிருந்த ஆலைக்கு, இயங்கும் இசைவைப் புதுப்பிக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏப்ரலிலேயே மறுத்துவிட்டது. சுட்ட அன்று ஆலை ஓடவில்லை. நிரந்தரமாக மூடும் அரசாணை வந்தது மே 28 அன்று. நூறு நாள் உட்கார்ந்து கேட்டும் கிடைக்காத காகிதம் 13 சாவுக்குப் பிறகு 6 நாளில் கிடைத்தது. அந்த ஆணையை 2020 ஆகஸ்ட் 18 அன்று சென்னை உயர் நீதிமன்றமும், 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தன. மக்கள் கேட்டதில் நியாயம் இருந்தது என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டியதில்லை.

கூட்டத்தின் மீது சுடும்போது எழும் கண்டனம், தனி ஆளைச் சுடும்போது எழுவதில்லை. 2019 நவம்பர் 27 அன்று ஹைதராபாத் அருகே ஓர் இளம் கால்நடை மருத்துவர் வன்கொடுமை செய்து கொல்லப்பட்டார். பிடிபட்ட நால்வரையும் டிசம்பர் 6 விடியற்காலையில் காவல்துறை சுட்டுக் கொன்றது. கைத்துப்பாக்கிகளைப் பறித்துச் சுட்டார்கள், திருப்பிச் சுட்டோம் என்றார்கள். அந்த இடத்தில் நின்ற காவலர்கள்மேல் மக்கள் பூத்தூவினார்கள். அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததை நினைத்தால் அந்தப் பூக்களின் பின்னிருந்த ஆத்திரம் புரியவே செய்கிறது. உச்ச நீதிமன்றம் அமைத்த வி.எஸ்.சிர்புர்கர் ஆணையம் 2022இல் தந்த அறிக்கை, காவல்துறையின் கதை நம்பத்தக்கதல்ல என்றது. 10 காவல்துறையினரைக் கொலைக் குற்றத்துக்காக விசாரிக்க வேண்டும் என்றது. இறந்த நால்வரில் மூவர் 18 வயது நிரம்பாதவர்கள் என்றும் கண்டது. அந்தப் பெண்ணைக் கொன்றது யார், எப்படி என்று ஒரு நீதிமன்றம் சாட்சிகளை விசாரித்துச் சொல்லும் வாய்ப்பு டிசம்பர் 6 அன்றே போய்விட்டது. அவருடைய குடும்பத்துக்கும் இது இழப்புத்தான்.

2017 ஜனவரி முதல் 2022 ஜனவரி வரை நாடு முழுவதும் என்கவுன்ட்டர் சாவுகள் 655 என்று மக்களவையில் பதில் சொன்னார்கள். சத்தீஸ்கர் 191, உத்தரப் பிரதேசம் 117, அசாம் 50, தமிழ்நாடு 14. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2017 மார்ச்சுக்குப் பிந்தைய ஆறாண்டுக்குத் தானே சொன்ன கணக்கு: சுமார் 10,900 மோதல்கள், சுடப்பட்டு இறந்தவர்கள் 183, இறந்த காவலர்கள் 13. ஒன்றுக்குப் பதினான்கு. இந்த விகிதத்தை மட்டும் வைத்து எந்த ஒரு சாவையும் பொய் மோதல் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க இது போதுமான காரணம். திறந்து பார்த்தால் என்ன வரும் என்பதற்கு மணிப்பூர் இருக்கிறது. 1979 முதல் 2012 வரை 1,528 பேர் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டார்கள் என்று குடும்பத்தார் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிபதி சந்தோஷ் ஹெக்டே குழு முதலில் ஆராய்ந்தது 6 சம்பவங்களை. ஆறும் உண்மையான மோதல் இல்லை என்று முடிவாயிற்று.

காவலரின் உயிர் மலிவு என்று நான் சொல்லவில்லை. 1993 ஏப்ரலில் பாலாறு பகுதியில் வீரப்பன் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் போனார்கள். 2020 ஜூலை 3 அன்று கான்பூர் அருகே பிக்ரு கிராமத்தில் ரவுடி விகாஸ் துபேயின் ஆள்கள் 8 காவலர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த இரவில் பிக்ருவில் நின்ற காவலர் ஒருவர் திருப்பிச் சுட்டிருந்தால் எந்தச் சட்டமும் அவரைத் தடுக்காது. தற்காப்பு உரிமை சாமானியருக்கு இருக்கும் அளவு காவலருக்கும் இருக்கிறது. ஏழு நாள் கழித்து, கைதாகிக் காவல்துறை வண்டியில் வந்துகொண்டிருந்த விகாஸ் துபே சுடப்பட்டு இறந்ததற்கு ஜூலை 3இன் நியாயத்தைக் கொண்டுவர முடியாது. அதற்கு ஜூலை 10இன் நியாயம் தனியாக வேண்டும்.

2014 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் என்கவுன்ட்டர் சாவுகளுக்கு 16 வழிகாட்டு நெறிகளை வகுத்தது. வழக்குப் பதிவு, சுயேச்சையான புலனாய்வு, மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். உடனடிப் பதவி உயர்வு கூடாது. இப்படிப்பட்ட சாவை 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையமும் சொல்லியிருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஓராண்டில் ஆயுதக் காவலரை அனுப்பும் நடவடிக்கைகள் 18,000 அளவில் நடக்கின்றன. அவற்றில் ஆளை நோக்கிச் சுடும் சம்பவங்கள் மிகச் சில. ஒவ்வொரு சாவும் காவல்துறைக்கு வெளியே உள்ள அமைப்பின் விசாரணைக்குப் போகிறது.

நம்மிடமும் தோட்டாக் கணக்குக்கான நோட்டு ஏற்கெனவே இருக்கிறது. ஆயுதக் கிடங்கிலிருந்து யாருக்கு எந்தத் துப்பாக்கி, எத்தனை தோட்டா கொடுத்தார்கள், எத்தனை திரும்பி வந்தது, எத்தனை காலி உறை ஒப்படைக்கப்பட்டது என்று எழுதாமல் எந்தப் படைப்பிரிவும் நடப்பதில்லை. ஒரு தோட்டா குறைந்தால் காவலர் பதில் சொல்லியாக வேண்டும். காணாமல்போன தோட்டாவுக்குக் கேட்கும் விளக்கத்தைச் சுட்ட தோட்டாவுக்கும் கேட்க வேண்டும்: யார் உத்தரவு, எத்தனை மணி, எத்தனை மீட்டர், எதிரே இருந்தவர் கையில் என்ன, அவர் வந்துகொண்டிருந்தாரா, போய்க்கொண்டிருந்தாரா. 48 மணி நேர அறிக்கையோடு அந்தப் பக்கங்களின் நகலும் பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும். கூட்டத்தைக் கலைக்கும்போது செய்ததற்காகக் காவலர்மேல் வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி வேண்டும் என்று சட்டம் ஒரு கவசத்தைக் கொடுத்திருக்கிறது. விளக்கம் எழுதப்படாத ஒரு ரவுண்டு இருந்தாலும் அந்த வழக்கில் அந்தக் கவசம் செல்லாது என்று சட்டத்தைத் திருத்த வேண்டும்.