சின்ன கார் நிறுவனங்கள் வெளிநாட்டுப் பாதுகாப்பு விதிகளை எப்படிச் சமாளிக்கின்றன?

லோட்டஸ் எலிஸ் ஞாபகம் இருக்கா? இங்கிலாந்தின் ஹெத்தலில் தயாரான, இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். 2004இல் அமெரிக்கச் சந்தைக்குப் போனபோது, லோட்டஸ் நம்ம புரோட்டோனுக்குச் சொந்தமாக இருந்தது. 2011இல் அங்கே அதன் விற்பனை நின்றது. காரணம், ஏர்பேக்.

அதில் ஏர்பேக் இல்லையா?

இருந்தது. ஆனால் சாதாரண ஏர்பேக். 1990களில் அமெரிக்காவில் சின்ன மோதலில்கூட வேகமாக விரிந்த ஏர்பேக் தாக்கிக் குழந்தைகளும் சிறிய உடல்வாகு கொண்டவர்களும் இறந்தார்கள். அதனால் 2000இல் புதிய விதி வந்தது. இருக்கையில் இருப்பது குழந்தையா பெரியவரா என்பதை உணர்ந்து, ஏர்பேக் மெதுவாக விரிய வேண்டும், அல்லது விரியாமலே இருக்க வேண்டும். சின்ன நிறுவனங்களுக்கு 2006 வரை அவகாசம் கிடைத்தது.

பொருத்திவிட வேண்டியதுதானே?

இங்கேதான் சிக்கல். அந்த சென்சார்களை உருவாக்கணும். பல கார்களை மோதி நொறுக்கிச் சோதிக்கணும். எத்தனை கார் விற்றாலும் இந்தச் செலவு பெரிதாக மாறாது. ஒரு கணக்குக்கு, 20 மில்லியன் ரிங்கிட் செலவு என்று வைத்துக்கொள்வோம். 200,000 கார் விற்கும் நிறுவனத்துக்கு ஒரு காருக்கு 100 ரிங்கிட். 2,000 கார் விற்கும் நிறுவனத்துக்கு 10,000 ரிங்கிட்!

அப்போ என்ன வழி?

முதல் வழி, தற்காலிக விலக்கு. உலக அளவில் ஆண்டுக்கு 10,000 கார்களுக்கு மேல் தயாரிக்காத நிறுவனம், விதியைப் பின்பற்ற முயன்றும் பணநெருக்கடியால் முடியவில்லை என்று காட்டினால், அமெரிக்கா மூன்று ஆண்டுகள் வரை விலக்கு தரலாம். பிறகு மீண்டும் விண்ணப்பிக்கலாம். லோட்டஸ் 2006இல் இப்படித்தான் விலக்கு பெற்றது. 2011 ஆகஸ்ட்டில் அது முடிந்ததும் எலிஸ் விற்பனையும் முடிந்தது.

இரண்டாவது, குறைந்த எண்ணிக்கைக்கான அனுமதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் கார் விற்பனைக்கு வருமுன்பே அரசாங்க அமைப்பு சோதித்து அனுமதி தர வேண்டும். ஆண்டுக்கு 1,500க்கு மிகாமல் விற்கும் கார் வகைக்குச் சில விதிகள் தளர்த்தப்படுகின்றன.

மூன்றாவது, வேறு வகையில் பதிவது. பிரிட்டனின் மோர்கன் நிறுவனம் தயாரித்த மூன்று சக்கர வண்டி, அமெரிக்கச் சட்டப்படி மோட்டார் சைக்கிள். அதனால் காருக்கான மோதல் விதிகள் அதற்குப் பொருந்தவில்லை.

இது நியாயமா?

இரண்டு பக்கமும் வாதம் உண்டு. விலக்கே இல்லையென்றால் சின்ன நிறுவனங்கள் பல நாடுகளில் காலூன்றவே முடியாது. இந்த கார்கள் எண்ணிக்கையில் குறைவு, குழந்தைகள் அவற்றில் அதிகம் பயணிப்பதில்லை என்று அதிகாரிகள் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் ஒரு குழந்தை அந்த இருக்கையில் உட்கார்ந்தால், சாலையில் இத்தகைய கார்கள் குறைவு என்பதால் அதற்கு ஒரு பாதுகாப்பும் கிடைத்துவிடாது.

அதனால்தான் அமெரிக்காவில் விலக்கு பெற்ற காரின் கண்ணாடியில், எந்த விதியிலிருந்து விலக்கு என்று எழுதிய ஸ்டிக்கர் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடுமுன் வாங்குபவர் அதைப் படிக்கணும்.