ஸ்கேனுக்குப் போகும்போது பழைய ஸ்கேனின் குறுந்தகடும் கூடவே போகட்டும்

கீமோ முடிந்து ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் வீட்டார் கேட்பது ஒன்றுதான்: கட்டி சுருங்கியிருக்கிறதா? சித்தூரிலிருந்து வேலூர் சி.எம்.சி.க்குப் போகிறவர்களும் சரி, டாடா அறக்கட்டளையும் திருமலை திருப்பதி தேவஸ்தானமும் சேர்ந்து திருப்பதி அலிபிரி அருகே அமைத்து, 2022 மே மாதம் திறக்கப்பட்ட புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறவர்களும் சரி, இதைத்தான் கேட்கிறார்கள். ஒரு ஸ்கேனை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது.

திடக் கட்டிகளை மதிப்பிட 'ரெசிஸ்ட்' என்றொரு விதிமுறை உண்டு. 2000-இல் வந்து, 2009-இல் திருத்தப்பட்டது. சி.டி. ஸ்கேனில் அதிகபட்சம் 5 கட்டிகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் நீள விட்டங்களைக் கூட்டுகிறார்கள். சிகிச்சைக்கு முந்தைய கூட்டுத்தொகையில் 30 சதவீதமாவது குறைந்தால் மருந்து கேட்டிருக்கிறது என்று பொருள். இதுவரை இருந்ததிலேயே குறைந்த அளவிலிருந்து 20 சதவீதமும் 5 மில்லிமீட்டரும் கூடினாலோ, புதிதாக ஒரு கட்டி தெரிந்தாலோ நோய் வளர்கிறது. நடுவே இருப்பதெல்லாம் 'ஸ்டேபிள்'. 50 மி.மீ. கட்டி 36 ஆனால் குறைந்தது 28 சதவீதம். ரிப்போர்ட்டில் 'ஸ்டேபிள்' என்றுதான் இருக்கும். அதைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். நோய் கட்டுக்குள் நிற்பதும் சிகிச்சையின் பலன்தான்.

அளவு நம்மை ஏமாற்றுவதும் உண்டு. லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றில் புற்றுச் செல்கள் செத்த பிறகும் தழும்புத் திசு கட்டி போலவே தங்கிவிடும். அங்கே பெட் ஸ்கேன் கைகொடுக்கிறது. குளுக்கோஸைப் போன்ற எஃப்.டி.ஜி. மருந்தை ஊசியில் ஏற்றினால், உயிருள்ள புற்று அதை அதிகமாக உறிஞ்சி ஒளிரும். அந்த ஒளிர்வைக் கல்லீரலின் ஒளிர்வோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுகிறார்கள். இம்யூனோதெரபியில் வேறு கதை: நோய் எதிர்ப்புச் செல்கள் திரள்வதால் கட்டி முதலில் பெரிதாகத் தெரிந்து, பிறகு சுருங்குவது சிலருக்கு நடக்கிறது. அதனால் 4 முதல் 8 வாரத்தில் மறுபடி ஸ்கேன் எடுத்து உறுதிசெய்யச் சொல்கிறது இதற்கென 2017-இல் வந்த விதிமுறை.

பெட் ஸ்கேனுக்கு நேரம் முக்கியம். ஆறு மணி நேரமாவது வெறும் வயிறு. ஊசிக்குப் பின் ஒரு மணி நேரம் பேசாமல் படுத்திருக்க வேண்டும். மருந்தின் கதிரியக்கம் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும், ஆகவே தாமதமாகப் போகாதீர்கள். ரேடியேஷன் முடிந்த கையோடு எடுத்தால் வெறும் அழற்சியும் ஒளிரும். பெரும்பாலும் மூன்று மாதம் காத்திருக்கச் சொல்வது இதனால்தான்.

திருப்பதி, வேலூர், சென்னை என்று ஆஸ்பத்திரி மாறுகிறவர்கள் ஃபிலிமும் ரிப்போர்ட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். புதிய ஸ்கேனோடு ஒப்பிட, முதல் ஸ்கேனின் குறுந்தகட்டைக் கேட்டு வாங்கி, தேதி எழுதிப் பத்திரப்படுத்துங்கள். முடிந்தவரை அடுத்த ஸ்கேனையும் அதே இடத்தில், அதே முறையில் எடுங்கள்.