மந்திரமும் ஆராய்ச்சியும்

மந்திரத்தை நம்புவது வேறு. அதனை ஆராய்வது வேறு. முன்னோர் உலகை எவ்வாறு எண்ணினர் என்பதை அறிய, அவர்கள் ஓதிய சொற்களும் சான்றாகும். இவ்வாராய்ச்சிக்குப் பேராக் மாநிலம் நல்லதொரு களமாக விளங்கியது.

கிந்தாப் பகுதியின் சுரங்க அதிகாரி ஆபிரகாம் ஹேல், ஈயச் சுரங்கங்களில் தாம் கண்டவற்றை 1885இல் எழுதினார். சுரங்கத்துக்குரிய சடங்குகளை நடத்தியவர் ‘பாவாங்’ எனப்பட்ட மலாய் மந்திரவாதி. ஈயத்துக்கு உயிர் உண்டு, அது தானே இடம் பெயரும் என்று சுரங்கத்தார் நம்பினர். சுரங்கத்துள் யானையை அதன் பெயரால் குறிப்பிடலாகாது. மாற்றுச் சொல்லாலேயே சுட்டுதல் வேண்டும்.

பேராக்கில் பணியாற்றிய ரிச்சர்ட் வின்ஸ்டெட், 1925இல் மலாய் மாந்திரீகத்தின் வளர்ச்சி பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதன் தலைப்பிலேயே ‘சைவ’ என்னும் சொல் உண்டு. அடியில் மண்ணின் ஆவிகள், அதன்மேல் ‘பட்டாரா குரு’ எனப்படும் சிவன், அதற்கும் மேலே இஸ்லாமியத் துதிமொழிகள் என மந்திரங்களில் படிந்துள்ள அடுக்குகளை அவர் பிரித்துக் காட்டினார்.

இடைக்காலக் கிறித்துவ ஐரோப்பாவிலும் இத்தகைய கலப்பு உண்டு. சாலமோன் மன்னன் பெயரால் வழங்கிய ‘ஆர்ஸ் நோத்தோரியா’ என்னும் இலத்தீன் நூல், குறித்த வரைபடங்களை நோக்கிச் செபிப்பார்க்கு நினைவாற்றலும் கல்வியும் கைகூடும் என்றது. இதனைப் பயின்றோர் பாமரர் அல்லர். கற்ற துறவியரும் மாணவருமே. அந்நூலைத் துறந்து, மொரிஞி ஊர் ஜான் என்னும் துறவி கன்னி மரியாளை முன்னிறுத்திப் புதிய செபநூல் இயற்றினார். அதுவும் 1323இல் பாரிஸில் தீயிலிடப்பட்டது. செபம் எங்கே முடிகிறது, மந்திரம் எங்கே தொடங்குகிறது என்பதில் திருச்சபையினரிடையே எத்துணைப் பூசல் இருந்தது என்பதற்கு இதுவே சான்று.

இவற்றைப் பழைய சமயங்களின் எச்சம் என ஒதுக்குவதே முன்னைய அறிஞர் பலரின் வழக்கம். 1970இல் கிர்க் எண்டிகாட், மலாய் மாந்திரீகத்துள் ஓர் ஒழுங்கான சிந்தனை முறை இருப்பதை விளக்கினார். 1994இல் ரிச்சர்ட் கீக்ஹெஃபர், இடைக்கால ஐரோப்பிய மந்திரத்துக்கும் அதற்கே உரிய காரண காரிய அறிவு உண்டென எழுதினார்.

‘பட்டாரா குரு’ என்ற பெயரைக் கேட்டதும் ‘இது நம்முடையது’ என்று தமிழர் மகிழ்தல் இயல்பே. ஆயினும் ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்பது பாதி விடைதான். அதனை ஓதிய மலாய்ப் பாவாங் சைவராக வாழவில்லை. அச்சொல்லைத் தம் உலகுக்குரியதாகவே கொண்டார். அவர் அதனால் என்ன கருதினார் என்று கேட்பதே மறுபாதி.